அஞ்சப்பட்ட மருந்தொன்றின் வரலாறு

ஒரு மருந்து கண்டுபிடிக்கப்பட்ட ஆண்டு வேறு. அது நோயாளியின் கைக்கு எட்டிய ஆண்டு வேறு. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலத்தை ஆராய்தல் வரலாறு பயில்வார்க்குப் பெரிதும் பயன்தருவதாகும். உளச்சிதைவு நோய்க்குரிய குளோசபின் என்னும் மருந்து இதற்குத் தக்க சான்று.

1952 ஆம் ஆண்டிலே பாரிசு நகரத்துச் சென்ற் ஆன் மருத்துவமனையில் டிலே, டெனிக்கர் என்னும் வைத்தியர் இருவர் குளோர்ப்புரோமசின் என்னும் மருந்தை உளநோயாளர்க்குக் கொடுத்துப் பயன்கண்டனர். அதன்பின் அவ்வினத்து மருந்துகள் பல தோன்றின. ஆயினும், உளச்சிதைவுற்றோருள் ஏறத்தாழ மூவரில் ஒருவர்க்கு அவை போதிய பலன் அளிக்கவில்லை. இரண்டு மருந்துகளைத் தக்க அளவிலும் தக்க காலத்திற்கும் கொடுத்தும் குணங்காணாதோரையே மருந்துக்கு இணங்காத நோயாளர் என்பர்.

சுவிற்சலாந்தின் பேர்ண் நகரத்து வாண்டர் நிறுவனத்தார் 1958 இல் குளோசபினை ஆக்கினர். அதற்கு நேர்ந்த முதற்றடை கொள்கைவழி வந்தது. உடலை விறைக்கச் செய்து நடுக்கந் தருவதே உளநோய் மருந்தின் இலக்கணமென அக்கால அறிஞர் பலர் நம்பினர். குளோசபினோ அவ்விறைப்பைத் தரவில்லை. ஆதலின் அது மருந்தேயாகுமா என ஐயுற்றனர். 1970களின் தொடக்கத்திலேயே ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் அது விற்பனைக்கு வந்தது.

இரண்டாவது தடை மரணத்தின் வழி வந்தது. 1975 இல் பின்லாந்தில் இம்மருந்துண்டோர் சிலரின் குருதியில், தொற்றை எதிர்க்கும் வெண்குருதிச் சிறுதுணிக்கைகள் அற்றுப்போயின, எண்மர் இறந்தனர். பல நாடுகளில் மருந்து மீட்கப்பட்டது. அச்சம் ஆதாரமற்றதன்று என்பதை நாம் மறத்தலாகாது.

எனினும், வேறெதனாலும் தேறாத நோயாளர் சிலர் இதனால் தேறியதைக் கண்ட வைத்தியர் அதனை முற்றாகக் கைவிட்டாரல்லர். 1988 இல் கேன் என்பாரும் அவர்தம் கூட்டத்தினரும் அமெரிக்காவிலே 268 நோயாளரை ஆராய்ந்து முடிவுகளை வெளியிட்டனர். ஆறு வாரத்தில் குளோர்ப்புரோமசின் பெற்றோருள் நூற்றுக்கு 4 பேரும், குளோசபின் பெற்றோருள் நூற்றுக்கு 30 பேரும் குணங்கண்டனர். 1989 இல் அந்நாட்டு அரசு அனுமதி அளித்தது. ஆயின், குருதிச் சோதனை தவறாது செய்தல் வேண்டும் என்பது நிபந்தனை.

மூன்றாவது தடை பொருளின் வழி வந்தது. விற்பனை செய்த நிறுவனத்தார் மருந்தையும் குருதிச் சோதனையையும் ஒன்றாகப் பிணைத்து, ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 9,000 டொலர் விலை குறித்தனர். வறிய நோயாளரின் செலவைத் தாங்கிய மாநிலங்கள் வழக்குத் தொடுத்த பின்னரே அப்பிணைப்பு அவிழ்ந்தது.

நான்காவது தடை வழக்கத்தின் வழி வந்தது. வாரந்தோறும் குருதி கொடுக்க நோயாளி இசையவேண்டும். அதனைச் சோதிக்க வசதி வேண்டும். மருந்தைச் சிறிது சிறிதாகக் கூட்டவும், மலச்சிக்கல், இதயத் தசையழற்சி போன்ற கேடுகளைக் கண்காணிக்கவும் வைத்தியர் பயிற்சி பெற்றிருத்தல் வேண்டும். பயிற்சி குன்றிய வைத்தியர் பழைய மருந்துகளையே மாற்றி மாற்றிக் கொடுப்பர்; ஆண்டுகள் கழியும். ஆபிரிக்க வழித்தோன்றல்கள் பலர்க்கு வெண்குருதிச் சிறுதுணிக்கைகளுள் ஒருவகை இயல்பாகவே குறைவு, அது நோயன்று. எனினும், 2015 இல் அமெரிக்க விதி திருத்தப்படும்வரை அக்குறைவே அவர்க்கு மருந்தை மறுத்தற்குக் காரணமாயிற்று. 2025 இல் அந்நாடு கட்டாயப் பதிவுத் திட்டத்தை நீக்கியது. குருதிச் சோதனை வேண்டுமென்னும் அறிவுரை மட்டும் நிலைத்தது. ஒருகாலத்தில் மருந்துக்கு வாயில் திறந்த விதியே பிற்காலத்தில் மதிலாகவும் நின்றமை நோக்கற்பாலது.

2009 இல் வேறொரு செய்தி வெளிவந்தது. 66,881 நோயாளரைப் பதினோராண்டு தொடர்ந்த ஆய்வொன்று, ஒப்பிடப்பட்ட மருந்துகளுள் குளோசபின் உண்டோரிடையே இறப்பு மிகக்குறைவு எனக் கண்டது. அவ்வாய்வு நிகழ்ந்த நாடு, எண்மரை இழந்த அதே பின்லாந்து.

மருந்தால் இறந்தோரின் தொகை ஏட்டில் ஏறுகின்றது. மருந்து கிட்டாமையால் அறை மூலையில் ஆண்டுகளை இழந்தோரின் தொகையோ எவ்வேட்டிலும் ஏறுவதில்லை. செய்த செயலின் தீங்கை எண்ணுமளவிற்குச் செய்யாமையின் தீங்கையும் எண்ணுதல் அறிவுடையார் கடன் என்பதே இவ்வரலாறு நமக்குப் புகட்டும் பாடமாகும்.