கல்லணை சொல்லிக் கொடுத்த கடைக்கால்

மலர்க் குழுவினர் இந்த முறை என்னிடம் கட்டுரை கேட்டபோது, "வரலாறு மாதிரி ஏதாவது எழுதுங்க, கவிதையே நிறைய வந்திருக்கு" என்றார்கள். சிவில் படித்தவனுக்கு வரலாறு என்ன தெரியும்? பரீட்சைக்கு முதல் நாள் ஜெராக்ஸ் எடுத்துப் படித்துத் தேறியவன் நான். ஆனால் போன வருடம் முழுக்க, பாபநாசம் பக்கத்தில் எங்கள் கிராமத்தில் அப்பாவுக்கு வீடு கட்டிக் கொண்டிருந்தேன். அந்த ஒரு வருடத்தில் நம்ம ஊர் மண்ணின் பழைய கதையை நான் தேடிப் போன அளவு, நம் கல்லூரியில் நான்கு வருடம் இருந்தபோது தேடியதில்லை. அந்தக் கதைதான் இது.

எங்கள் பழைய வீடு கொள்ளுத் தாத்தா கட்டியது. இரண்டடி அகலச் சுவர், நாட்டு ஓடு, நடுவில் முற்றம். அதை ஒட்டிய மனையில் சித்தப்பா 1994-ல் கட்டிய கான்கிரீட் வீடு. பழைய வீட்டில் சுண்ணாம்பு உதிர்ந்தது, ஓடு நழுவியது, உத்தரத்தைக் கரையான் தின்றது. ஆனாலும் சுவர் பிளக்கவில்லை. சித்தப்பா வீட்டில் ஜன்னல் மூலையிலிருந்து கூரை வரை படிக்கட்டு மாதிரி ஏறும் ஒரு விரிசல். ஒவ்வொரு பொங்கலுக்கும் பூசி வெள்ளையடிப்பார். சித்திரையில் அது மறுபடி வாயைத் திறக்கும். "சிமெண்ட்ல கலப்படம்டா" என்று முப்பது வருடமாகச் சொல்லிக் கொண்டிருக்கிறார். பாவம், அந்த சிமெண்ட் எந்தத் தப்பும் செய்யவில்லை.

அறுவடை முடிந்த வயலைக் கோடையில் பார்த்தவர்களுக்குத் தெரியும். பாளம் பாளமாக வெடித்து, முழங்கை வரை உள்ளே விடலாம். ஐப்பசி மழையில் அதே மண் ஊதி, வெடிப்பெல்லாம் மூடிக் கொள்ளும். தண்ணீர் குடித்தால் பருத்து, காய்ந்தால் சுருங்கும் களிமண். காவிரி பல ஆயிரம் வருடமாகக் கொண்டு வந்து கொட்டிய வண்டல் இது. நெல்லுக்கு அமிர்தம், சுவருக்கு எமன். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்துச் செம்மண்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. மேட்டூர் அணை 1934-ல் வந்து, கல்லணைக் கால்வாய் வெட்டிய பிறகுதான் அங்கே காவிரித் தண்ணீரே போனது. பழைய டெல்டாக்காரர்களான நாம்தான் களியில் உட்கார்ந்திருக்கிறோம்.

சரி, மண் இப்படி என்றால் நம் முன்னோர் என்ன செய்தார்கள்? இந்தக் கேள்விக்கு நான் முதலில் போய் நின்ற இடம் கல்லணை. இரண்டாம் ஆண்டில் நம்மைப் பஸ்ஸில் கூட்டிப் போனார்களே, நினைவிருக்கிறதா? பாதிப் பேர் வறுத்த மீன் கடையிலேயே நின்றுவிட்டோம். குறிப்பேட்டில் நீளம் 1080 அடி, அகலம் 40 முதல் 60 அடி என்று எழுதி மார்க் வாங்கினதோடு சரி. இந்த முறை தனியாகப் போய் ஒரு மதியம் முழுக்க நின்றேன்.

மேலே நாம் பார்க்கும் பாலமும் மதகுகளும் ஆங்கிலேயர் காலத்தவை. கரிகாலன் கட்டியதாக மரபு சொல்லும் அணை அடியில் இருக்கிறது. செதுக்காத கல், களிமண், பாம்பு மாதிரி வளைந்து போகும் உடம்பு. 1829-ல் காவிரிப் பாசனப் பொறுப்புக்கு வந்த ஆர்தர் காட்டன், வண்டலைத் தள்ள அணையில் மணல் போக்கிகள் அமைத்தபோது இதன் அடியை ஆராய்ந்தார். ஆழமே தெரியாத ஆற்று மணலில் எப்படிக் கடைக்கால் போடுவது என்பதை இந்த ஊர்க்காரர்களிடம்தான் கற்றோம் என்று பிற்பாடு எழுதி வைத்தார். அந்தப் பாடத்தைக் கொண்டுபோய்த்தான் கோதாவரியில் தவளேஸ்வரம் அணையைக் கட்டினார்.

பாடம் என்னவென்றால், மணலில் ஒரு பெரிய கல்லைப் போட்டால் ஓடும் தண்ணீர் கல்லின் அடியில் மணலை அரிக்கும், கல் இறங்கும். அதன் மேல் இன்னொன்று. அதுவும் இறங்கும். தண்ணீர் அரிக்க முடியாத ஆழத்துக்குக் கடைசிக் கல் போனதும் இறக்கம் நின்றுவிடும். பிறகு அதன் மேல் களிமண் சாந்தில் கல்லை அடுக்கிக் கொண்டு போகலாம். அரிப்பை எதிர்த்து நிற்காமல், அந்த அரிப்பையே கூலியாள் மாதிரி வேலை வாங்கியிருக்கிறார்கள். நமக்கு மண் இயக்கவியல் எடுத்த பேராசிரியர் இதை ஒரே ஒரு முறை சொல்லியிருந்தால் நான் அந்தப் பேப்பரில் அரியர் வைத்திருக்க மாட்டேன்.

பெரிய கோயிலுக்கும் போனேன். 1010-ல் ராஜராஜன் முடித்தது. சுமார் 60 மீட்டர் உயரம், சுற்று வட்டாரத்தில் பாறையே இல்லாத ஊரில் அத்தனையும் கருங்கல். பிள்ளைகள் செல்போனில் அனுப்பும் மாயாஜாலக் கதைகளை விட்டுவிடுங்கள். எனக்குப் பிடித்தது வேறு. விமானத்தின் அடி ஏறத்தாழ 30 மீட்டர் சதுரம், உயரத்தில் பாதி. கருவறையைச் சுற்றி இரட்டைச் சுவர், நடுவில் சுற்றுப்பாதை, மேலே போகப் போகக் குறுகி உள்ளே கூடாக நிற்கும் கல் அடுக்கு. எடையை அகலமாகப் பரப்பி விட்டால் மண் மன்னிக்கும். குறுகலாக வைத்தால் மன்னிக்காது.

கொள்ளுத் தாத்தா வீடும் அந்தக் கணக்குதான். அகலச் சுவர், குறைந்த எடை, மேலே ஓடு. சுண்ணாம்புச் சாந்து மெதுவானது. மண் கால் அங்குலம் அசைந்தால் சாந்தும் கொஞ்சம் அசைந்து கொடுக்கும். ஓடு தன் இடத்தில் நகர்ந்து உட்காரும். ஒன்பது அங்குலச் சுவரை சிமெண்டில் கட்டி, மேலே கான்கிரீட் தளம் போட்டால் அது விறைப்பு. வளையாது, பிளக்கும். நம்ம ஊரில் சிமெண்ட் பரவிய காலத்தில் அது பெர்மிட் சரக்கு வேறு. கட்டுப்பாடு 1982-ல் பாதி தளர்ந்து, 1989-ல்தான் முழுதாகப் போனது. அந்தக் காலத்துக் கொத்தனார்கள் சிமெண்டை மருந்து மாதிரி அளந்து போட்டுப் பழகியவர்கள். பழைய வீட்டு அறிவு போய்விட்டது, புது வீட்டு அறிவு முழுசா வந்து சேரவில்லை. சித்தப்பா வீடு அந்த இடைக்காலத்துப் பிள்ளை.

இனி எங்கள் வீட்டுச் சண்டைக்கு வருகிறேன். அப்பாவின் ஓய்வூதியப் பணம் மொத்தமும் இந்த வீட்டில். "நாலடி தோண்டி, மணல் கொட்டி, செங்கல் கடைக்கால் போதும்டா" என்றார். நான் மண்ணை எடுத்துக் கொண்டு நம் கல்லூரி ஆய்வுக்கூடத்துக்கே வந்தேன். சோதனை மிகச் சாதாரணம். சல்லடையில் சலித்த உலர்ந்த மண் 10 கிராம் ஒரு ஜாடியில் தண்ணீரிலும், இன்னொரு 10 கிராம் வேறொரு ஜாடியில் மண்ணெண்ணெயிலும். மண்ணெண்ணெயில் களி ஊதாது. மறுநாள் பார்த்தால் மண்ணெண்ணெய் ஜாடியில் 10 மில்லி, தண்ணீர் ஜாடியில் 17. ஊதல் 70 சதவீதம். 50-ஐத் தாண்டினாலே உஷார் என்று படித்திருக்கிறோம். இரண்டு ஜாடியையும் படம் பிடித்து அப்பாவிடம் காட்டினேன்.

ரொம்ப நேரம் பார்த்தார். "கரிகாலன் என்ன பைலா போட்டான்?" என்றார்.

"பைல் போடலப்பா. ஆனா மண்ணு ஆடாத ஆழம் வரைக்கும் போனான்ல? நாமளும் அதைத்தான் செய்யப் போறோம்."

இந்த மாதிரி மண்ணுக்கு ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வளர்த்தெடுத்த வழி ஒன்று உண்டு: அண்டர்ரீம் பைல். சுமார் மூன்றரை மீட்டர் குழி, அடியில் தண்டைப் போல் இரண்டரை மடங்கு அகலமான குமிழ். வெயிலும் மழையும் எட்டாத ஆழத்தில் குமிழ் பிடித்துக் கொள்ளும். மேலே மண் ஊதினாலும் சுருங்கினாலும் வீடு அதைக் கண்டுகொள்ளாது. பைல்களை இணைக்கும் பீமுக்கு அடியில் மூன்று அங்குலம் காலி இடம் விட வேண்டும், மண் ஊதி வந்து முட்டாமல் இருக்க. இந்தக் காலி இடத்தில்தான் எனக்கும் மேஸ்திரிக்கும் வந்தது. "தம்பி, பீமுக்கு அடியில காலி விட்டா எலி குடித்தனம் வந்துடும்" என்று ஒரு நாள் நான் இல்லாத நேரத்தில் மண்ணைத் திணித்து விட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. திணித்ததைத் தோண்டி எடுத்து, இரண்டு பக்கமும் செங்கல்லால் ஓரம் மறைத்தோம். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் குழியில் ஊற்று எடுத்துவிடும் என்று வைகாசிக்குள் எல்லாப் பைலையும் முடித்தோம்.

செலவு? கூடத்தான். அப்பா கேட்ட முன்பக்க கிரானைட் போனது, பூஜை அறைத் தேக்குக் கதவு வேம்பானது. அதற்கு அம்மா இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

டெல்டாவில் ஆபத்து கீழேயிருந்து மட்டும் வருவதில்லை. எங்கள் பாட்டி காலத்தைப் 'புயலுக்கு முந்தி, புயலுக்குப் பிந்தி' என்று பிரிக்கும். அது 1952 நாகப்பட்டினம் புயல். அப்பா தலைமுறைக்கு 1977. நமக்கு 2018. அந்த ஆண்டை யாரும் மறக்க முடியாது. ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் கொள்ளிடம் கதவணையின் 9 மதகுகள் ஆற்றோடு போயின. காட்டன் 1830-களில் கட்டியது, 180 வருடத்துக்கு மேல் நின்றது. அதே மாதம் திருச்சியில் கொள்ளிடத்துப் பழைய இரும்புப் பாலத்தின் தூண்களும் சாய்ந்தன. ஆற்றில் மணல் இருக்கும்வரைதான் மணலில் போட்ட கடைக்காலுக்கு உயிர். மணல் போனால் கரிகாலன் வித்தையும் காட்டன் வித்தையும் என்ன செய்யும்?

நவம்பர் 16 விடியுமுன் கஜா. நம் செட்டில் பட்டுக்கோட்டை நண்பன் வீட்டுக்கு மூன்றாம் நாள் போனேன். தென்னந்தோப்பு படுத்துக் கிடந்தது. வீடு நின்றது. ஆனால் மாடியில் போட்டிருந்த ஷீட் கொட்டகை பறந்து போய், பிடிமானம் இல்லாத கைப்பிடிச் சுவர் பக்கத்துக் குடிசைமேல் விழுந்திருந்தது. நல்ல வேளை, அவர்கள் முந்தின நாளே பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தார்கள். அந்தச் சுவரை நினைத்துத்தான் எங்கள் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் ஆறடிக்கு ஒரு சிறு கான்கிரீட் தூண், தளக் கம்பியோடு சேர்த்துக் கட்டியது.

கம்பி என்றதும் ஒரு சிறு விஷயம். தளத்துக்குக் கம்பி கட்டியதும் அடியில் கவர் பிளாக் வைக்கிறோமே, 20 மில்லி சிமெண்ட் வில்லை, அதற்குப் பதில் ஜல்லியைச் சொருகுவது நம் பக்கத்து வழக்கம். ஆட்கள் மேலே நடக்கும்போது ஜல்லி நழுவும், கம்பி பலகையில் படியும். பத்து வருடத்தில் ஈரம் புகுந்து துரு ஏறும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், காரையைத் தள்ளும். வேதாரண்யம், நாகைப் பக்கம் உப்புக் காற்று வேறு. கான்கிரீட் போட்ட அன்று விடியற்காலை நானும் அப்பாவும் குனிந்து குனிந்து முந்நூறு வில்லை வைத்தோம். அப்பாவுக்கு அன்றிலிருந்து இடுப்பு வலி. மாவு சலிக்கிற மாதிரி வந்த எம்-சாண்டை ஒரு லோடு திருப்பி அனுப்பியதும் அவர்தான், நான் அல்ல.

கடைசியாக மாடி. "பின்னாடி தம்பிக்கு மேலே ரெண்டு மாடி எடுத்துக்கலாம்" என்று எல்லா வீட்டிலும் தூணில் கம்பியை நீட்டி விட்டுத் துருப்பிடிக்க விடுகிறோம். மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று கட்டி முடியாத 11 மாடி சரிந்து 61 பேர் போனார்கள். பக்கத்து அடுக்கை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அங்கே போனவர்களில் பெரும்பாலோர் கட்டட வேலைக்கு வந்த கூலியாட்கள். நம் வீடு அவ்வளவு பெரிதில்லைதான். ஆனால் அடியில் ஒரு மாடிக்குக் கணக்கு, மேலே இரண்டு மாடிக்கு ஆசை என்றால் மண்ணுக்கு அந்த ஆசை தெரியாது. 2024 ஜூலை முதல் 2500 சதுர அடி மனைக்குள், 3500 சதுர அடி வரையிலான வீட்டுக்கு சுயசான்றிலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. அலைச்சல் மிச்சம், நல்லதுதான். ஆனால் கையெழுத்துப் போடுகிற நீங்கள்தான் இனி பொறுப்பு. நான் தரையும் ஒரு மாடியும் என்று கணக்குப் போட்டு, வரைபடத்தின் ஓரத்தில் 'இதற்கு மேல் கூடாது' என்று தமிழில் எழுதி, லேமினேட் செய்து மீட்டர் பெட்டிக்குள் ஒட்டியிருக்கிறேன். தம்பி சிரித்தான். சிரிக்கட்டும்.

சித்தப்பா வீட்டு விரிசலுக்கு வருகிறேன். பங்குனியில் அதன் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டித் தேதி எழுதி வைத்தேன். சித்திரை பாதியில் கண்ணாடி உடைந்தது. வீட்டைச் சுற்றிப் பார்த்தபோது, சமையலறைத் தண்ணீர் அந்த மூலையிலேயே தேங்குவதும், ஆறடி தள்ளி ஒரு பூவரசு நிற்பதும் தெரிந்தது. ஒரு பக்கம் ஈரம், ஒரு பக்கம் வேர் உறிஞ்சும் வறட்சி. பூவரசை வெட்டச் சித்தி விடவில்லை, அவர் கையால் வைத்தது. சாக்கடையை மட்டும் குழாய் போட்டு வாய்க்கால் பக்கம் திருப்பி, சுவரைச் சுற்றி நாலடிக்குத் தளம் போட்டு வெளிப்பக்கம் வாட்டம் கொடுத்தோம். கார்த்திகையில் சித்தப்பா போன் பண்ணினார். "விரிசல் மூடிக்கிட்டுதுடா, பூசிடவா?" என்றார். வேண்டாம், சித்திரை வரட்டும் என்றேன். புதுக் கண்ணாடி ஒட்டியிருக்கிறது.