உச்சிக்கு முந்தைய வாரங்கள்

மலையேற்ற வரலாற்றை நாம் தேதிகளாகவே மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம். 1953 மே 29, டென்சிங்கும் ஹில்லாரியும். 1978 மே 8, ஆக்சிஜன் கலன் இல்லாமல் மெஸ்னரும் ஹேபலரும். 1997 மே 23, எவரெஸ்ட் ஏறிய முதல் மலேசியர்களான நம்ம மகேந்திரனும் மோகனதாஸும். எல்லாமே உச்சியில் நின்ற நாள்கள். அதற்கு முன்னால், குறைந்த காற்றுக்கு உடம்பு பழகக் காத்துக் கிடந்த வாரங்களுக்குத் தேதி கிடையாது. எனக்கென்னவோ அந்த வாரங்களின் வரலாறுதான் சுவாரசியமாகப் படுகிறது.

காத்திருக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு பலூன் காட்டிக்கொடுத்தது. 1875 ஏப்ரல் 15 அன்று பிரான்சில் ‘செனித்’ பலூனில் மூவர் கிளம்பினார்கள். சில மணி நேரத்தில் எட்டாயிரம் மீட்டரைத் தாண்டிவிட்டார்கள். ஆக்சிஜன் பைகள் பக்கத்திலேயே இருந்தன. எடுத்து வாயில் வைக்கக் கை எழவில்லை. குரோசே-ஸ்பினெல்லியும் சிவெல்லும் இறந்துபோனார்கள். பிழைத்த திசாந்தியேவுக்குக் காது போயிற்று. மயங்குவதற்கு முன் தனக்கு வலியே தெரியவில்லை, ஒருவித ஆனந்தம்தான் இருந்தது என்று அவர் பின்னர் எழுதினார். படிக்கும்போது எனக்கு அதுதான் அதிகம் பயமாக இருந்தது.

இத்தனைக்கும், மேலே போகப் போகக் காற்றில் ஆக்சிஜனின் விகிதம் குறைவதில்லை. அழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் அளவு குறைகிறது. எவரெஸ்ட் உச்சியில் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அப்படியிருந்தும் நடந்து போனவர்கள் எப்படித் தாங்கினார்கள்? 1890இல் பெருவின் மொரோகோச்சா சுரங்க ஊரில் தங்கிய பிரெஞ்சு மருத்துவர் வியோ, சில வாரங்களில் தன் ரத்தத்தில் சிவப்பணுக்கள் கூடியிருப்பதைக் கண்டார். உடம்பு முதலில் மூச்சை ஆழமாக்குகிறது. அதனால் ரத்தத்தில் ஏற்படும் காரத்தன்மையைச் சிறுநீரகம் சில நாள்களில் சரிசெய்கிறது. சிவப்பணுக்கள் பெருக வாரங்கள் ஆகும். இதையெல்லாம் காசு கொடுத்து அவசரப்படுத்த முடியாது.

இதை மலையிலேயே ஆராய்ந்தவர் அலெக்சாண்டர் கெல்லாஸ். லண்டனில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவர். விடுமுறை கிடைத்தால் சிக்கிம் போய்விடுவார்; துணைக்கு ஷெர்பாக்கள் மட்டும். 1911இல் அவர்களோடு 7,128 மீட்டர் பாவ்ஹுன்ரியில் ஏறினார். நன்கு பழகிய உடம்பு ஆக்சிஜன் கலன் இல்லாமலே எவரெஸ்ட் ஏறக்கூடும் என்று 1920இல் ஒரு கட்டுரையில் கணக்கிட்டுச் சொன்னார். மறு ஆண்டு, முதல் எவரெஸ்ட் ஆய்வுப் பயணத்தில், மலையை அடையும் முன்பே கம்பா ட்சோங் அருகே நோயில் இறந்தார். அவர் சொன்னது நிரூபணமாக 1978 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த ஷெர்பாக்களின் கதை வேறு. அவர்களுடைய மூதாதையர் திபெத்திய மேட்டுநில மக்கள். திபெத்தியர்களிடம் ‘இபிஏஎஸ்1’ என்ற மரபணுவின் தனி வகை பரவலாக இருப்பதை 2010இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. அதனால் உயரத்திலும் அவர்கள் ரத்தம் நம்முடையதைப்போல் கெட்டியாவதில்லை. அவர்களுக்குக் காத்திருப்பு பல தலைமுறைகளுக்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது. நமக்கு அப்படியில்லை.

நம்ம ஊரில், “கினபாலுதானே, ஸ்டாமினா இருந்தாப் போதும், ரெண்டே நாள்ல ஏறி இறங்கிடலாம்” என்பார்கள். 1,866 மீட்டரில் திம்போஹோன் வாயில். அன்றிரவே 3,272 மீட்டரில் பனாலாபானில் படுக்கை. விடிவதற்குள் 4,095 மீட்டர் உச்சியை நோக்கி நடை. மூவாயிரம் மீட்டருக்கு மேல், தூங்கும் உயரத்தை நாளுக்கு ஐந்நூறு மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள் என்பது மருத்துவர்கள் சொல்லும் பொது விதி. தினமும் ஓடிப் பழகியவர் என்பதற்காக உயரநோய் யாரையும் விட்டுவைப்பதில்லை. தலைவலியும் குமட்டலும் வந்தால் மேலே ஏறக்கூடாது. நடை தள்ளாடினால், சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினால், உடனே இறங்க வேண்டும். “இவ்ளோ தூரம் வந்துட்டோமே” என்கிற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

மகேந்திரனும் மோகனதாஸும் நம்மைப்போலவே தாழ்நிலத்து உடம்போடு போனவர்கள். அவர்களைப் பற்றிப் பேசும்போது மே 23ஐ மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறோம். முகாமுக்கு முகாம் ஏறி இறங்கிய நாள்கள், தூக்கம் வராத இரவுகள், பசி செத்துப்போன வேளைகள் எல்லாம் நம் மொழியில் விரிவாகப் பதிவாக வேண்டும். அடுத்து மலையேறக் கிளம்பும் பிள்ளைகளுக்கு அவைதான் உதவும்.