டெட்ராயிட் உடன்படிக்கை

டெட்ராயிட் உடன்படிக்கை என்பது ஐக்கிய வாகனத் தொழிலாளர் சங்கமும் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனமும் 1950 மே 23 அன்று செய்துகொண்ட ஐந்தாண்டு ஊதிய ஒப்பந்தத்தைக் குறிக்கும். ஐக்கிய அமெரிக்காவில் வாகன உற்பத்திக்குப் பெயர் பெற்ற நகரம் டெட்ராயிட் ஆகும். பகை நாடுகள் செய்துகொள்ளும் அமைதி உடன்படிக்கைக்கு ஒப்பிட்டு, சமூகவியலாளர் டானியல் பெல் பார்ச்சூன் இதழில் இப்பெயரைச் சூட்டினார்.

பின்னணி

இரண்டாம் உலகப் போரின்போது ஊதிய உயர்வை அரசு கட்டுப்படுத்தியிருந்தது. போர் முடிந்தபின், 1945 நவம்பர் 21 அன்று ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளர்கள் வேலை நிறுத்தத்தில் இறங்கினர். அதனை வழிநடத்திய வால்டர் ரூதர் 30 விழுக்காடு ஊதிய உயர்வு கோரினார். அதற்காக வாகன விலையை ஏற்றக் கூடாது என்றும், இயலாது எனில் நிறுவனம் தன் கணக்கேடுகளைக் காட்ட வேண்டும் என்றும் வலியுறுத்தினார். விலையை முடிவு செய்வது நிர்வாகத்தின் உரிமை எனக் கூறி நிறுவனம் மறுத்தது. 113 நாட்களுக்குப் பின், மணிக்கு 18.5 செண்டு உயர்வுடன் போராட்டம் முடிவுற்றது. விலை, கணக்கேடு பற்றிய கோரிக்கைகள் நிறைவேறவில்லை.

ஊதியக் கணக்கீடு

நிறுவனத் தலைவர் சார்லஸ் வில்சன் முன்வைத்த கணக்கீட்டு முறை 1948 ஒப்பந்தத்தில் இடம்பெற்றது. அதில் இரு கூறுகள் உள்ளன.

- வாழ்க்கைச் செலவுப் படி: விலைவாசிச் சுட்டெண்ணைப் பொறுத்து ஊதியம் மாறும். இது இந்தியாவில் வழங்கப்படும் அகவிலைப்படியை ஒத்தது. சுட்டெண் இறங்கினால் படியும் குறையும்.
- ஆண்டு உயர்வு: உற்பத்தித் திறன் வளர்ச்சியில் தொழிலாளரின் பங்காக ஆண்டுதோறும் மணிக்கு 3 செண்டு வழங்கப்படும். இது 1950இல் 4 செண்டாக உயர்த்தப்பட்டது.

முதலாவது ஊதியத்தின் வாங்கும் திறனைக் காத்தது. இரண்டாவது அதனை உயர்த்தியது.

1950இன் விட்டுக்கொடுப்புகள்

நிறுவனம் ஓய்வூதியம் வழங்கவும், மருத்துவக் காப்பீட்டுச் செலவில் பாதியை ஏற்கவும் இசைந்தது. பதிலாக, ஐந்தாண்டுகளுக்குத் தடையற்ற உற்பத்தி அதற்கு உறுதியானது. விலை, முதலீடு, தொழிற்சாலையின் இடம் முதலியவற்றை முடிவு செய்யும் உரிமை நிர்வாகத்திடமே நின்றது. 1945இல் எழுப்பிய கோரிக்கையைச் சங்கம் இவ்வாறு கைவிட்டது எனலாம்.

விளைவுகள்

போர்டு, கிறைசுலர் நிறுவனங்களிலும் பிற தொழில்களிலும் இம்முறை பரவியது. எனினும் இதற்கு மற்றொரு பக்கமும் உண்டு. அனைவருக்குமான தேசிய மருத்துவக் காப்பீட்டுக்கு அதிபர் ட்ரூமன் எடுத்த முயற்சி அக்காலத்தில் வெற்றி பெறவில்லை. மருத்துவ வசதியும் ஓய்வூதியமும் நிறுவனத்தைச் சார்ந்து அமைந்ததால், வலிமையான சங்கம் இல்லாத தொழிலாளர்கள் பலர் பயனடையவில்லை. நிறுவனம் நலிவுற்றால் பயனும் நலிவுறும் நிலையும் உருவாயிற்று.

பிற்காலம்

ஓய்வுபெற்றோரின் மருத்துவச் செலவுப் பொறுப்பைத் தனி அறக்கட்டளைக்கு மாற்ற 2007இல் உடன்பாடு காணப்பட்டது. 2009இல் வாழ்க்கைச் செலவுப் படி நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு சூன் 1 அன்று ஜெனரல் மோட்டார்ஸ் திவால் பாதுகாப்புக் கோரியது. 2023 செப்டம்பர் 15 முதல் ஜெனரல் மோட்டார்ஸ், போர்டு, கிறைசுலரின் வழிவந்த ஸ்டெல்லாண்டிஸ் ஆகிய மூன்றிலும் சுமார் ஆறு வாரங்கள் வேலை நிறுத்தம் நடைபெற்றது. அதன் முடிவில் ஏற்பட்ட ஒப்பந்தங்கள் 2028 வரையிலான 25 விழுக்காடு அடிப்படை ஊதிய உயர்வுடன், 1948இல் தோன்றிய அப்படியையும் மீட்டுத் தந்தன.