காஞ்சி யோகினி பாரிஸுக்குப் போன கதை

இந்த எபிசோட்ல நாம பாக்கப் போறது பாரிஸ்ல இருக்கிற ஒரு மியூசியத்தையும், அங்க நிக்கிற நம்ம ஊர்ச் சிலை ஒண்ணையும் பத்தி.

முதல்ல கட்டடம். பேரு கிமே அருங்காட்சியகம். ஆசியக் கலைக்குன்னே பிரான்ஸ்ல இருக்கிற பெரிய இடம். இதுக்கான காசு எங்க இருந்து வந்தது தெரியுமா? வெள்ளை வேட்டிக்கு நீலம் போடுவோம்ல, அந்த நீலத்துல இருந்து. அல்ட்ராமரீன் நிறத்துக்கு ஒரு காலத்துல ஆப்கானிஸ்தான்ல வெட்டி எடுத்த கல்லைத்தான் அரைக்கணும். விலை கண்ணைக் கட்டும். 1826 வாக்குல ஜான் பத்தீஸ்த் கிமே அதைச் செயற்கையா தயாரிக்க வழி கண்டுபிடிச்சார். லியோன் பக்கத்துல தொழிற்சாலை வந்தது. அவர் மகன் எமில் கிமே, கீழை நாட்டு மதங்களைப் படிக்கணும்னு 1876-ல ஜப்பான், சீனா, இந்தியான்னு கிளம்பினார். சேர்த்த பொருளை வச்சு 1879-ல லியோன்ல மியூசியம் திறந்தார். 1889-ல அது பாரிஸுக்கு வந்தது. 1945-ல லூவ்ர் மியூசியத்தோட ஆசியப் பொருட்களும் இங்கேயே மாத்தப்பட்டன.

இப்போ சிலை. சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி, காஞ்சிபுரம் வட்டாரத்துல யோகினிகளுக்குன்னு ஒரு கோயில் இருந்ததா ஆய்வாளர்கள் சொல்றாங்க. யோகினிகள் தனியா நிக்கிற தெய்வம் இல்ல, கூட்டமா இருக்கிறவங்க. ஒடிசாவுல ஹீராப்பூர் கோயிலைப் பாத்தீங்கன்னா, கூரையே இல்லாத வட்டச் சுவர்ல வரிசையா நின்னு நடுவுல நிக்கிற நம்மளைப் பாக்குற மாதிரி இருக்கும். காஞ்சிக் கோயில் எப்பவோ அழிஞ்சுபோச்சு. சிலைகள் மட்டும் அங்கங்க கிடந்தது.

1920-கள்ல அதைத் தேடிப் பிடிச்சவர் ழூவோ துப்ரே. பாண்டிச்சேரியில வாத்தியார். தென்னிந்தியக் கோயில் கட்டடக்கலை பத்தி 1914-லயே புத்தகம் போட்டவர். அரிக்கமேடு முக்கியமான இடம்னு கவனிச்சவர்கள்ல ஒருத்தர். அறிஞர்தான், சந்தேகமே இல்ல. ஆனா அவர் சேர்த்த சிலைகள் பாரிஸ்ல கடை வச்சிருந்த சி. டி. லூ என்கிற சீன வியாபாரிகிட்ட போச்சு. லூ ஒவ்வொண்ணா பிரிச்சு அனுப்பினார். இன்னைக்கு ஒண்ணு கிமேல, ஒண்ணு லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துல. வாஷிங்டன், டெட்ராய்ட், மினியாபொலிஸ், டொரன்டோன்னு பட்டியல் நீளுது. சில சிலைகள் சென்னை எழும்பூர் மியூசியத்துல இருக்கு. பத்மா கைமல் என்கிற ஆய்வாளர் இப்படிச் சிதறின 19 சிலைகளைத் தேடிப் போய், 2012-ல ஒரு புத்தகமே எழுதினாங்க.

இதுல என்ன போச்சுன்னு கேக்கலாம். கண்ணாடிக்குப் பின்னாடி, நல்ல வெளிச்சத்துல பத்திரமாத்தானே இருக்கு?

எங்க ஓமலூர்ல இருந்து கொஞ்ச தூரத்துல தாரமங்கலம் கைலாசநாதர் கோயில் இருக்கு. அங்க ஒரு தூண்ல ராமர் அம்பு விடுவார், இன்னொரு தூண்ல வாலி. ராமர் நிக்கிற இடத்துல இருந்து வாலி தெரிவான். வாலி பக்கம் போய் நின்னா ராமர் தெரிய மாட்டார். மறைஞ்சிருந்து அடிச்ச கதையைச் சிற்பி தூண்களோட இடைவெளியிலயே சொல்லிட்டார். அந்த ராமரை மட்டும் பேத்து ஒரு மியூசியத்துல வச்சா, கல்லுல ஒரு கீறல்கூட விழாம கதை காணாமப் போயிடும்.

யோகினிகளுக்கு நடந்தது அதுதான். என் வேலை பாஷையில சொன்னா, ஒரு டேட்டாபேஸை ஊர் ஊரா பிரிச்சு வச்சுட்டு, இணைக்கிற கீயை அழிச்சுட்டாங்க. ஒவ்வொரு வரியும் பத்திரமா இருக்கு. கேள்வி கேட்டா பதில் வராது.

திருப்பிக் கேக்கலாமே? ஸ்ரீபுரந்தான் நடராஜர் 2014-ல ஆஸ்திரேலியாவுல இருந்து வந்தார். ஆனா அது திருட்டுன்னு நிரூபிச்ச வழக்கு. யுனெஸ்கோ ஒப்பந்தம் 1970, நம்ம தொல்பொருள் சட்டம் 1972. 1920-கள்ல போனதுக்கு ரெண்டும் செல்லாது. பிரான்ஸ்ல அரசு மியூசியப் பொருளைச் சாதாரணமா வெளிய கொடுக்கவும் முடியாது. பெனின் நாட்டுக்கு 26 பொருட்களை 2021-ல திருப்பித் தர, அதுக்குன்னு தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. இன்னொரு பக்கம், உத்தரப்பிரதேச லோக்ரி கிராமத்து யோகினி ஒண்ணு 2013-ல பாரிஸ்ல இருந்து டெல்லி தேசிய அருங்காட்சியகத்துக்கு வந்தது. ஆனா அது ஒரு தனியார் வீட்ல இருந்த சிலை. தனியாருக்கு மனசு வந்தா போதும், அரசுக்குச் சட்டம் வேணும்.

காஞ்சி யோகினி வந்தாலும் இறங்க அந்தக் கோயில் இல்லங்கிறதும் உண்மை. அதனால நான் கேக்கிறது முதல் படி மட்டும்தான். எல்லா மியூசியமும் தங்கிட்ட இருக்கிற சிலையை 3டி ஸ்கேன் எடுத்துப் பொதுவுல போடட்டும். கீழ இருக்கிற குறிப்புல 'காஞ்சிபுரம், பத்தாம் நூற்றாண்டு'ன்னு முடிக்காம, இதோட கூட இருந்தவங்க எந்தெந்த ஊர்ல இருக்காங்கன்னு எழுதட்டும். இதுக்குச் சட்டம் தேவையில்ல. ஒரு சின்ன டீம் போதும்.

எழும்பூர் பக்கம் போறவங்க அங்க இருக்கிற யோகினிகளைக் கேட்டுப் பாருங்க. பாத்தவங்க எழுதுங்க, அடுத்த எபிசோட்ல வாசிக்கிறேன்.