கருவுறும் முன்னே காக்கும் சத்து

மணமக்களைப் பெரியோர் "பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க" என்று வாழ்த்துவது தமிழர் மரபு. அப்பதினாறு பேறுகளுள் நன்மக்கட்பேறும் ஒன்று. பெண் கருவுற்றாள் என்று கேட்டதும் வீடு முழுவதும் அவளைத் தாங்குகின்றது. அவள் வாய்க்குப் பிடித்ததெல்லாம் கேட்காமலே வருகின்றது. வளைகாப்பும் சீமந்தமும் சிறப்பாக நடக்கின்றன. இவை யாவும் நல்லவையே. ஆயினும் குழந்தையின் மூளையும் முதுகெலும்பும் செவ்வனே அமைவதற்கு வேண்டிய ஒரு சத்து, அந்தச் செய்தி வீட்டாரின் காதுக்கு எட்டுமுன்பே தாயின் உடலில் சேர்ந்திருக்க வேண்டும். அதுவே ஃபோலிக் அமிலம். இவ்வுண்மையை ஐயமற நிலைநாட்ட மருத்துவ உலகத்துக்கு அறுபது ஆண்டுகளுக்கு மேல் சென்றன. அந்த வரலாற்றின் முதல் ஏடுகள் பம்பாயிலும் குன்னூரிலும் சென்னையிலும் எழுதப்பட்டவை என்பதைப் பலர் அறியார்.

1928ஆம் ஆண்டு லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேய வைத்தியப் பெண்மணி பம்பாய்க்கு வந்தார். 1888இல் பர்மிங்ஹாம் நகருக்கு அருகே பிறந்த இவர், கேம்பிரிட்ஜில் தாவரவியலும் நிலவியலும் பயின்று, பின்னர் இலண்டனில் மருத்துவம் கற்று 1920இல் வைத்தியரானவர். அக்காலத்தில் இந்தியாவில் பிள்ளைப்பேற்றின்போது தாய்மார் பெருந்தொகையாக இறந்தனர். அதன் காரணங்களை ஆராயும் பணிக்காகவே அவர் அழைக்கப்பட்டார். பம்பாய் ஹாஃப்கின் நிலையத்தில் அவருடைய ஆய்வு தொடங்கியது.

துணியாலைகளில் உழைத்த ஏழைப் பெண்கள் பலர் கர்ப்ப காலத்தில் கடுமையான இரத்தசோகைக்கு ஆளாகினர். அது சாதாரண இரத்தசோகை அன்று. இரும்புச் சத்துக் குறைந்தால் இரத்தத்தின் சிவப்பணுக்கள் சிறுத்துவிடும். இப்பெண்களின் சிவப்பணுக்களோ அளவுக்கு மீறிப் பருத்திருந்தன. கிருமியால் வந்த நோயோ என்று வில்ஸ் தேடினார், கிருமி அகப்படவில்லை. பின்னர் அவர்களின் அடுப்படியை நோக்கினார். நோயுற்ற பெண்களின் உணவில் காய்கறியும் கீரையும் பழமும் மிக அரிதாகவே இருந்தன. எங்கோ ஒரு சத்துக் குறைகின்றது என்று அவர் உறுதியாக எண்ணினார்.

1929ஆம் ஆண்டில் சில மாதங்கள் நீலகிரியிலுள்ள குன்னூரில் அவர் ஆய்வு நடத்தினார். இந்திய உணவுகளின் சத்துகளை ஆராய்ந்து புகழ்பெற்ற ராபர்ட் மக்காரிசன் அங்கேதான் பணியாற்றி வந்தார். 1931ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வில்ஸ் சென்னையில் இருந்தார். திருவல்லிக்கேணியில் மக்கள் "கோஷா ஆஸ்பத்திரி" என்று அழைத்த பெண்கள் மருத்துவமனையில் கர்ப்பிணிகளைக் கவனித்தார். இன்று அது கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்ற பெயருடன் விளங்குகின்றது.

இக்காலத்தில்தான் பயன் தரும் மருந்து அவர் கைக்கு எட்டியது. கொடிய இரத்தசோகை ஒன்றை ஈரல் உண்பதால் குணப்படுத்தலாம் என 1926இல் அமெரிக்காவில் மைனட், மர்பி என்னும் இருவர் காட்டியிருந்தனர். ஆனால் ஈரல் சத்து ஏழைகளுக்கு எட்டாத விலை. புலால் உண்ணாதோருக்கு ஏலாத மருந்து. வில்ஸ் ஈஸ்டிலிருந்து செய்யப்படும் மலிவான மார்மைட்டைக் கையாண்டார். பம்பாய்ப் பெண்களின் உணவை ஒத்த உணவு கொடுத்து இரத்தசோகைக்கு உள்ளாக்கிய குரங்குகள் அதனால் தேறின. கர்ப்பிணிகளும் தேறினர். 1931ஆம் ஆண்டு பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் இதனை அவர் வெளியிட்டார். பாணில் தடவி உண்ணும் அந்தக் கறுத்த பசையை இலங்கைத் தமிழ் வீடுகள் நன்கு அறியும். அது தாய்மாரின் உயிர்காத்த மருந்தாயிருந்த கதையை அறிந்தோர் சிலரே.

மார்மைட்டில் இருந்த அந்தப் பொருள் யாது? நெடுங்காலம் அதற்குப் பெயரில்லை. "வில்ஸ் காரணி" என்றே வழங்கினர். 1941ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் மிட்செல், ஸ்னெல், வில்லியம்ஸ் ஆகிய மூவர் நான்கு தொன் பசளைக்கீரையைப் பிழிந்து, மிகச் சிறிதளவு சத்தைப் பிரித்தெடுத்தனர். இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லைக் கொண்டு அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். வில்ஸ் தேடிய பொருளும் அதுவே எனப் பின்னர் தெளிவாயிற்று.

கீரையைப் பிழிந்து உலகத்துக்கெல்லாம் மருந்து வழங்க இயலாது. ஆய்வுக்கூடத்தில் அதனைச் செய்தாக வேண்டும். அப்பெரும் பணியை முன்னின்று நடத்தியவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். 1895இல் ஆந்திர நாட்டுப் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். அந்நிய ஆட்சியை எதிர்த்துக் கதராடை அணிந்து அறுவைச் சிகிச்சை வகுப்புக்குச் சென்றதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளானார். முழுப் பட்டம் கிடைக்கவில்லை. அதனிலும் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது. அவருடைய சகோதரர் இருவரைச் சங்கிரகணி என்னும் வயிற்றுநோய் அடுத்தடுத்துக் கொண்டுபோயிற்று. அந்நோய் அவரையும் பற்றியபோது ஆயுர்வேத வைத்தியர் ஆசண்ட லட்சுமிபதி காப்பாற்றினார்.

1923இல் சுப்பாராவ் கடல் கடந்து அமெரிக்கா சென்றார். ஹார்வர்டில் நெடுங்காலம் உழைத்து, 1940இல் லெடர்லே நிறுவனத்தில் சேர்ந்து ஆய்வுத் தலைவரானார். அவருடைய குழு 1945இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியது. சகோதரர்களின் உயிரைக் கவர்ந்த சங்கிரகணிக்கும் அதுவே மருந்தாயிற்று. 1948ஆம் ஆண்டு, 53 வயதில், தாய்நாட்டுக்குத் திரும்பாமலே அவர் மறைந்தார்.

இதுவரை இச்சத்து தாயின் இரத்தசோகைக்கு மருந்தாகவே கருதப்பட்டது. குழந்தையின் உறுப்பமைப்புக்கும் இதற்கும் தொடர்புண்டு என்பது பின்னரே வெளிப்பட்டது. கரு உருவான மூன்றாம் வாரத்தில் ஒரு தட்டுப் போன்ற பாகம் மடிந்து குழாயாகின்றது. அதுவே மூளையாகவும் முதுகுத்தண்டாகவும் வளர்கின்றது. ஏறக்குறைய 28ஆம் நாளில் அக்குழாய் மூடிவிட வேண்டும். கீழ்ப்பாகம் மூடாவிடின் முதுகெலும்பு பிளந்து நரம்புகள் பழுதாகின்றன. மேற்பாகம் மூடாவிடின் மூளை முழுமையாக அமைவதில்லை. அக்குழந்தை பிழைப்பதும் இல்லை. அந்த 28ஆம் நாள் எது? மாதவிலக்குத் தவறி இரண்டு வாரங்கள் மட்டுமே கழிந்த நாள். கருவுற்றிருப்பதைப் பல பெண்கள் அறியாத நாள்.

1965ஆம் ஆண்டு லிவர்பூலில் ஹிபர்ட், ஸ்மிதெல்ஸ் என்னும் வைத்தியர் இருவர், இத்தகைய குழந்தைகளைப் பெற்ற தாய்மாரின் உடலில் ஃபோலிக் அமிலம் செயற்படும் முறையில் குறை மிகுதி என எடுத்துரைத்தனர். பின்னர் லீட்ஸ் நகரில் ஸ்மிதெல்ஸ், முன்பு இவ்வாறு குழந்தை பெற்ற பெண்களுக்குக் கருவுறுமுன்பே விற்றமின் மாத்திரைகளைக் கொடுத்துப் பார்த்தார். அடுத்த குழந்தைகளில் இக்குறை வெகுவாகக் குறைந்தது. 1980இல் அவர் இதனை வெளியிட்டபோது அறிஞர் பலர் ஏற்கவில்லை. மாத்திரை உண்ட பெண்களையும் உண்ணாத பெண்களையும் அவர் குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை என்பதே குறை. அவ்வாறு பிரிக்கவே அவர் விரும்பினார். மருத்துவ அறநெறிக் குழுக்கள் அதற்கு இசையவில்லை.

ஐயத்தைத் தீர்க்கப் பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 1983இல் ஒரு பெரும் சோதனையைத் தொடங்கியது. ஏழு நாடுகளில் 33 நிலையங்கள், 1,817 பெண்கள். எல்லோரும் முன்னர் இக்குறையுள்ள குழந்தையைக் கருவுற்றவர்கள். சிலருக்கு நாள்தோறும் 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் கொடுக்கப்பட்டது, சிலருக்குக் கொடுக்கப்படவில்லை. 1991இல் முடிவு தெளிவாகிவிட்டதால் சோதனையை இடையிலேயே நிறுத்தினர். குறையுள்ள கருக்கள் 27. ஃபோலிக் அமிலம் பெற்றோரிடம் 6, பெறாதோரிடம் 21. நூற்றுக்கு 72 பங்கு காப்புக் கிடைத்தது. மறுவருடம் ஹங்கேரியில் சைசல் என்னும் ஆய்வாளர், முன்பு இத்தகைய குழந்தை பெறாத பெண்களிடத்தும் இச்சத்துச் சேர்ந்த மாத்திரைகள் இக்குறையைத் தடுப்பதைக் காட்டினார்.

இந்த இலக்கங்களுக்குப் பின்னால் எத்தனையோ தாய்மாரின் கண்ணீர் உண்டு. இவ்வாறு ஒரு குழந்தை பிறந்தால் ஊரார் என்ன சொல்வர்? கிரகணத்தன்று வெளியே வந்தாள், கத்தி தொட்டாள், முற்பிறப்பின் வினை என்பர். பழி எல்லாம் பெண்ணின் தலையில் விழும். உண்மை வேறு. பல வீடுகளில் குறைந்திருந்தது ஒரு சிறு சத்து. அதனைச் சொல்லித் தர ஒருவரும் இருக்கவில்லை. சத்துப் போதுமாயிருந்தும் சில குழந்தைகளுக்கு இக்குறை நேர்வதுண்டு. ஆகவே எவ்வகையிலும் தாயைக் குற்றஞ்சாட்ட நியாயமில்லை.

அமெரிக்கா 1998 முதல் கோதுமை மா போன்ற தானிய உணவுகளில் ஃபோலிக் அமிலம் சேர்ப்பதைக் கட்டாயமாக்கியது. அதனால் ஆண்டுதோறும் ஏறக்குறைய 1,300 குழந்தைகள் இக்குறையின்றிப் பிறப்பதாக அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் கணித்துள்ளது. பெரும் சோதனையை நடத்திய பிரித்தானியாவோ முப்பது ஆண்டுகள் தயங்கி 2021இல்தான் தன் முடிவை அறிவித்தது. 2024இல் சட்டமியற்றி, 2026 இறுதிவரை ஆலைகளுக்குத் தவணை கொடுத்தது. ஆனால் அச்சட்டம் வெள்ளை மா முதலியவற்றுக்கே உரியது. முழுக் கோதுமை மாவும் அரிசியும் அதில் அடங்கா. சோறும் இடியப்பமும், முழுக் கோதுமைச் சப்பாத்தியும் உண்ணும் குடும்பங்கள் அச்சட்டத்தை மட்டும் நம்பியிருத்தல் கூடாது.

பாட்டிமாரின் அடுப்படியில் இச்சத்துக்குக் குறைவில்லை. பயறு, கடலை, உழுந்து, பருப்பு வகைகள், கீரை, முருங்கையிலை, தோடம்பழம் ஆகியவற்றில் அது உண்டு. ஆயினும் இது நீரில் கரைவது, நெடுநேரச் சூட்டில் அழிவது. கீரையை அளவுக்கு மீறி அவித்து நீரை ஊற்றிவிட்டால் சத்தும் நீரோடு போய்விடும். அதனால் உணவோடு மாத்திரையும் வேண்டும் என்பதே வைத்தியரின் முடிவு. குழந்தையை எதிர்பார்க்கும் பெண் நாள்தோறும் 400 மைக்குரோகிராம் உட்கொள்ள வேண்டும். கருவுறுவதற்குக் குறைந்தது ஒரு மாதம், இயன்றால் மூன்று மாதம் முன்பே தொடங்கி, கருவுற்ற பன்னிரண்டு வாரம்வரை தொடர்தல் நன்று. முன்பு இக்குறையுள்ள குழந்தை பெற்றவர், நீரிழிவுள்ளவர், வலிப்புக்கு மருந்துண்பவர் ஆகியோருக்குக் கூடிய அளவு தேவைப்படும்; அவர்கள் முன்கூட்டியே வைத்தியரைக் காண வேண்டும். எந்த மருந்தையும் தாமாக நிறுத்தலாகாது.

சைவ உணவினர் இன்னொன்றும் அறிதல் நலம். 1948இல் பிரித்தெடுக்கப்பட்ட பி-12 என்னும் விற்றமின், பருத்த சிவப்பணு இரத்தசோகையின் மற்றொரு காரணத்தை விளக்கியது. அது தாவர உணவில் இல்லை. பாலிலும் தயிரிலும் ஓரளவு உண்டு. பி-12 குறைந்தவருக்கு ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் இரத்தம் தேறியதுபோல் தோன்றும். நரம்புகள் உள்ளே நலியும். ஆகவே மரக்கறி மட்டும் உண்ணும் பெண்கள் திருமணத்தையடுத்து ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது அறிவுடைமை. இவை யாவும் கருத்தரிக்க வைக்கும் மந்திரம் அல்ல. பிள்ளைப்பேறு தாமதித்தால் கணவன் மனைவி இருவரும் சேர்ந்தே வைத்தியரை நாட வேண்டும்.

இந்து தர்மம் வகுத்த பதினாறு சம்ஸ்காரங்களுள் முதலாவது கர்ப்பாதானம். சீமந்தத்துக்கு முன், கரு தோன்றுவதற்கும் முன் வைக்கப்பட்டது அது. தாயாகும் பெண்ணின் நலம் கருவுறுமுன்பே பேணத்தக்கது என்ற ஒழுங்கு அதிலே காணப்படுகின்றது. சீமந்த நாளில் குழந்தையின் முதுகெலும்பு அமைந்து பல மாதங்கள் கடந்துவிடும். ஆகவே மணமகளுக்குச் சேலையும் நகையும் வாங்கிக் கொடுக்கும் தாயும் மாமியும், இச்சிறு மாத்திரையைப் பற்றியும் ஒரு சொல் சொல்லிவைப்பார்களாயின், பம்பாயின் ஏழைத் தாய்மாரிடம் தொடங்கிய அந்த நீண்ட உழைப்பின் பயன் ஒவ்வொரு வீட்டுக்கும் வந்துசேரும். இறைவன் திருவருள் துணைநிற்பதாக.