"யாரைக் கேட்டு எடுத்தாக?": வங்கி நம் கணக்கில் கை வைக்கும் உரிமையின் கதை

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு டவுன் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒருவர் பாஸ்புக்கை மஞ்சப்பையிலிருந்து எடுத்துக் காட்டிச் சொல்கிறார்:

"ரூவா ஏறிருச்சுன்னு போனுக்கு மெசேஜ் வந்துச்சு மதினி. போயி எடுக்கலாம்னு பாத்தா ஒண்ணுமில்ல. கேட்டா, பழைய லோனுக்கு வரவு வச்சுக்கிட்டோம்ங்கறாக."

"யாரைக் கேட்டு எடுத்தாக?"

"அதத்தான் நானும் கேட்டேன். சிஸ்டமே எடுத்துக்கிருச்சுங்கறாக."

அவர்கள் இறங்கிப் போய்விட்டார்கள். "யாரைக் கேட்டு எடுத்தாக?" என்ற கேள்வி மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. சட்டப் புத்தகங்களில் இதற்கு ஒரு பதில் இருக்கிறது. பதிலுக்குப் பின்னால் ஏறத்தாழ 1,800 வருஷக் கதையும் இருக்கிறது. அந்தக் கதை தொடங்கிய இடம் வேறு, இன்று வந்து நிற்கும் இடம் வேறு.

ரோமாபுரி வட்டிக்கடைக்காரர்

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கையஸ் என்ற ரோமானியச் சட்ட அறிஞர், மாணவர்களுக்காக ஒரு பாடநூல் எழுதினார். நெடுங்காலம் காணாமல் போயிருந்த அந்த நூல், 1816இல் இத்தாலியின் வெரோனா நகர நூலகத்தில் ஒரு பழைய தோல் சுவடியில், வேறொரு நூலின் எழுத்துக்கு அடியில் மங்கலாகக் கிடைத்தது. அதில் வங்கிக்காரர்களுக்கென்றே ஒரு விதி வருகிறது.

வங்கிக்காரர் ஒருவர் தன் வாடிக்கையாளர் மீது கடனுக்கு வழக்குப் போட வேண்டுமானால், அந்த வாடிக்கையாளருக்குத் தான் தர வேண்டியதை முதலில் கழித்துவிட்டு, மிச்சத்துக்குத்தான் வழக்குப் போட வேண்டும். இருபதாயிரம் வர வேண்டும், பத்தாயிரம் தர வேண்டும் என்றால் பத்தாயிரத்துக்கு மட்டுமே கேட்கலாம். ஒரு காசு கூடுதலாகக் கேட்டாலும் மொத்த வழக்கும் போச்சு.

அதாவது பற்றையும் வரவையும் நேர் செய்வது அன்றைக்கு வங்கிக்காரரின் உரிமை இல்லை, கடமை. கணக்குத் தெரிந்தவர் அவர், பேரேடும் அவர் கையில்தான் இருக்கிறது. அதனால் கழித்துப் பார்க்கும் பொறுப்பும் அவர் தலையில்தான் விழுந்தது.

சிறையிலிருந்து காப்பாற்ற வந்த சட்டம்

அடுத்த முக்கியமான நிறுத்தம் இங்கிலாந்து. அங்கே கடன் கட்டாதவரைப் பிடித்துச் சிறையில் போடும் வழக்கம் இருந்தது. நான் உங்களுக்கு நூறு பவுன் தர வேண்டும், நீங்கள் எனக்குத் தொண்ணூறு தர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் நூறு பவுனுக்கும் வழக்குப் போட்டு என்னை உள்ளே தள்ளிவிடலாம். என் தொண்ணூறுக்கு நான் தனி வழக்குப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான், அதுவும் சிறையில் உட்கார்ந்துகொண்டு.

இந்த அநியாயத்தைச் சரிசெய்ய 1729இல் ஒரு சட்டம் வந்தது. கடனாளிகளின் சிறைவாசத்திலிருந்து நிவாரணம் தருவதற்காக என்று அதன் தலைப்பிலேயே இருக்கிறது. பரஸ்பரக் கடன்களை ஒன்றோடொன்று கழித்துக்கொள்ளலாம் என்றது அது. 1735இல் அதை நிரந்தரமாக்கினார்கள். இங்கேயும் பாருங்கள், கழித்துக்கொள்ளும் உரிமை பிறந்தது கடன்பட்டவருக்குக் கேடயமாக.

நம் நாட்டுத் திவால் சட்டங்களிலும் (1909, 1920) இந்தக் கேடயம் உண்டு. 1938 ஜூனில் திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் பேங்க் கதவைச் சாத்தியபோது தமிழ்நாட்டிலும் ஏராளமானவர்களின் டெபாசிட் மாட்டிக்கொண்டது. அப்படி ஒரு வங்கி முழுகும்போது இந்த விதியின் அருமை தெரியும். ஒருவருக்கு 1,000 ரூபாய் டெபாசிட், அதே வங்கியில் 800 ரூபாய் கடன். முழுகிய வங்கி ரூபாய்க்கு நாலணாதான் தருகிறது. கழிக்க விடாவிட்டால் அவர் 800 ரூபாயையும் முழுசாகக் கட்டிவிட்டு, தன் 1,000க்கு 250 வாங்கிக்கொண்டு போக வேண்டும், நஷ்டம் 750. கழிக்க விட்டால் கடன் தீர்ந்து, மிச்சம் 200க்கு 50 கிடைக்கும், நஷ்டம் 150தான்.

அப்படியானால் கேடயம் எப்போது வங்கியின் கைக்கு மாறியது?

டெபாசிட் பணம் யாருடையது?

1848இல் லண்டனில் பிரபுக்கள் சபை ஃபோலி எதிர் ஹில் என்ற வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது. நாம் வங்கியில் போடும் பணம், போட்ட நொடியிலேயே வங்கியின் பணமாகிவிடுகிறது. அவர்கள் நமக்குக் கடன்பட்டவர்கள், அவ்வளவுதான். லாக்கரில் வைக்கும் நகை நம்முடையது. கணக்கில் போடும் பணம் நாம் வங்கிக்குக் கொடுத்த கடன். சேமிப்புக் கணக்கு என்ற பெயரைக் கேட்டுவிட்டு, நம் பணம் அங்கே ஒரு டப்பாவில் பத்திரமாக இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். சட்டம் அப்படி நினைப்பதில்லை.

இதிலிருந்து அடுத்த படி சுலபம். வங்கி உங்களுக்குக் கடன். நீங்கள் வங்கிக்குக் கடன். இரண்டையும் கழித்தால் என்ன தப்பு?

1872இல் கார்னெட் எதிர் மெக்கீவன் என்ற வழக்கில் அந்தக் கேள்வி நேரடியாகவே வந்தது. ஒரே வங்கியின் இரண்டு கிளைகள். லெம்ஸ்டர் கிளையில் வாடிக்கையாளர் பாக்கி வைத்திருக்கிறார். பிரெக்கன் கிளையில் அவர் கணக்கில் பணம் இருக்கிறது. வங்கி அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இரண்டையும் சேர்த்து நேர் செய்துவிட்டது. அவர் கொடுத்த காசோலைகள் திரும்பின. வழக்குப் போட்டார், தோற்றார். கிளைகள் எத்தனை இருந்தாலும் வங்கி ஒன்றுதான் என்றது நீதிமன்றம்.

நம்மூர்க் கணக்கில் சொன்னால், ராஜபாளையம் கிளையில் லோன், ஸ்ரீவில்லிபுத்தூர் கிளையில் சேமிப்பு என்று பிரித்து வைத்திருப்பதால் எந்தப் பாதுகாப்பும் இல்லை.

அதே 1872இல்தான் இந்திய ஒப்பந்தச் சட்டமும் வந்தது. அதன் 171ஆம் பிரிவு, மாறான ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், வங்கி தன் கையில் வந்து சேர்ந்த பொருளை வாடிக்கையாளரின் மொத்தப் பாக்கிக்கும் ஈடாகப் பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்கிறது. மூன்றே பிரிவு தள்ளி, 174ஆம் பிரிவு வேறு மாதிரி பேசுகிறது: அடகு பிடித்தவர், எந்தக் கடனுக்குப் பிடித்தாரோ அந்தக் கடன் தவிர வேறு கடனுக்காக, அப்படி ஒரு ஒப்பந்தம் இல்லாமல், பொருளை வைத்துக்கொள்ளக் கூடாது. "நகைக்கடனைக் கட்டிட்டேன், பயிர்க்கடன் பாக்கி இருக்குன்னு நகையத் தர மாட்டேங்கறாக" என்று நம் பக்கம் அடிக்கடி காதில் விழும் சண்டை, இந்த இரண்டு பிரிவுகளுக்கும் நடுவில் நடக்கும் சண்டைதான். வங்கிகள் முன்யோசனையாக, நாம் படிக்காமல் கையெழுத்துப் போடும் விண்ணப்பத்தில் இரண்டு உரிமைகளையும் எழுதி வாங்கிவிடுகின்றன. சிண்டிகேட் பேங்க் எதிர் விஜயகுமார் வழக்கில் (1992) உச்ச நீதிமன்றமும் வைப்பு நிதி ரசீதுகளின் மீது வங்கிக்குள்ள இந்தப் பற்றுரிமையை ஏற்றுக்கொண்டது.

கூட்டுறவுச் சங்கங்களுக்கு இது இன்னும் பச்சையாகவே எழுதப்பட்டது. 1912ஆம் ஆண்டு கூட்டுறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, உறுப்பினரின் பங்குத்தொகை, டெபாசிட், லாப ஈவு எல்லாவற்றின் மீதும் சங்கத்துக்கு உரிமை தந்து, கடனுக்குக் கழித்துக்கொள்ளவும் அனுமதித்தது. "வரவு வச்சுக்கிட்டோம்" என்று பஸ்ஸில் கேட்ட அந்தச் சொல்லுக்கு நூறு வருஷத்துக்கும் மேல் வயசு இருக்கும் என்பது என் ஊகம்.

1936: ஒரு மில், ஒரு சட்டம்

இங்கே கொஞ்சம் உள்ளூர் வரலாறு. 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸ் கம்பெனியைத் தொடங்கினார். இந்த ஊர் நூற்பாலை ஊராக மாறியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அதே 1936இல்தான் கூலி வழங்கல் சட்டமும் வந்தது. முதலாளி தன் இஷ்டத்துக்குக் கூலியில் பிடித்தம் செய்யக் கூடாது. எதற்கெல்லாம் பிடிக்கலாம் என்று அது பட்டியல் போட்டது. பின்னால் அதில் ஒரு உச்சவரம்பும் சேர்ந்தது: மொத்தப் பிடித்தம் கூலியில் பாதியைத் தாண்டக் கூடாது, கூட்டுறவுச் சங்கப் பாக்கியும் சேர்ந்தால் முக்கால் பங்கு என்று அந்தச் சட்டத்தில் இருந்தது.

நீதிமன்றத்துக்கும் வரம்பு உண்டு. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 60ஆம் பிரிவுப்படி, சாதாரணக் கடனுக்காகச் சம்பளத்தை ஜப்தி செய்யும்போது முதல் 1,000 ரூபாயையும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக் கூடாது. 16,000 ரூபாய் சம்பளம் வாங்கும் மில் குமாஸ்தாவிடம் 11,000 ரூபாய் தப்பிவிடும். தொழிலாளியின் கூலியை அந்தப் பிரிவு ஜப்தியிலிருந்து முழுசாகவே விலக்கி வைக்கிறது.

ஆக, முதலாளிக்கு ஒரு கோடு, நீதிமன்றத்துக்கு ஒரு கோடு. ஆனால் கூலி கையில் கொடுக்கப்பட்ட காலத்துக் கோடுகள் இவை. இன்று கூலி வங்கிக் கணக்குக்குத்தான் போகிறது. வங்கி தன் ஏட்டுக்குள்ளேயே செய்யும் கழித்தல், நீதிமன்ற ஜப்தியும் இல்லை, முதலாளியின் பிடித்தமும் இல்லை. நீதிபதி தொடத் தயங்கும் பணத்தை கம்ப்யூட்டர் ராத்திரியோடு ராத்திரியாக எடுத்துவிட முடிகிறது.

பேரேடு எழுதிய காலத்தில், ஸ்ரீவில்லிபுத்தூர் கிளையில் என்ன இருக்கிறது என்று ராஜபாளையம் கிளை தெரிந்துகொள்ளவே கடிதம் போட வேண்டும். உரிமை இருந்தும் அலுப்பு தடுத்தது. கோர் பேங்கிங் வந்ததும் அந்த அலுப்பு போய்விட்டது. 2020 ஏப்ரல் 1 அன்று பல பொதுத்துறை வங்கிகள் இணைந்தன: அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடு, சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடு. கடன் ஒரு வங்கியில், சேமிப்பு இன்னொன்றில் என்று ஜாக்கிரதையாக இருந்தவர்களிலும் சிலருக்கு, ஒரே இரவில் இரண்டும் ஒரே வங்கியாகிவிட்டன.

கோடு போட்ட இடங்கள்

எல்லாப் பணமும் ஒன்றா? இல்லை என்று பல இடங்களில் சொல்லியிருக்கிறார்கள்.

1974இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம், வேலையில்லாதவருக்கு அரசு தந்த உதவித்தொகையை வங்கி தன் கடனுக்குக் கழித்துக்கொள்ளக் கூடாது என்றது (க்ரூகர் எதிர் வெல்ஸ் ஃபார்கோ). உயிர் வாழத் தந்த பணத்தை அந்தக் காரியத்துக்கே விட்டுவைக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

நம் உச்ச நீதிமன்றமும் ராதே ஷ்யாம் குப்தா எதிர் பஞ்சாப் நேஷனல் பேங்க் வழக்கில் (2008), ஓய்வூதியமும் பணிக்கொடையும் வைப்பு நிதியாக மாறிய பிறகும் தங்கள் பாதுகாப்பை இழப்பதில்லை என்றது.

2023 செப்டம்பர் 15 அன்று கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியது. மாதம் 1,000 ரூபாய். உடனேயே சில வங்கிகள் அதில் கை வைப்பதாகப் புகார்கள் வந்தன. உரிமைத் தொகையை வேறு எதற்கும் நேர் செய்யக் கூடாது என்று அப்போதைய நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அறிக்கை விட்டார். அவர் நம் விருதுநகர் மாவட்டத்துத் திருச்சுழித் தொகுதிக்காரர். 2024 ஜூலையில் வயநாட்டு நிலச்சரிவில் எல்லாம் இழந்தவர்களுக்கு அரசு தந்த 10,000 ரூபாய் நிவாரணத்திலிருந்து கேரளா கிராமின் பேங்க் மாதத் தவணையைப் பிடித்தது. கிளை வாசலில் போராட்டம் நடந்தது, முதலமைச்சர் கண்டித்தார், பணம் திரும்பியது.

இரண்டிலும் பணத்தைக் காப்பாற்றியது கூச்சலும் அறிக்கையும்தான். இவ்வளவு தொகை வரை தொடாதே என்று சேமிப்புக் கணக்குக்கும் ஒரு பொதுக் கோடு போட்டிருந்தால் கூச்சலுக்கே வேலை இருந்திருக்காது.

பஸ்ஸில் சொல்ல விட்டது

வங்கியின் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். கடன் கொடுத்ததும் இன்னொரு டெபாசிட்தாரரின் பணம்தான். வசதி இருந்தும் கட்டாதவர் கணக்கில் லட்சக்கணக்கில் வைத்துக்கொண்டு கை விரித்தால், கழித்துக்கொள்வதில் தப்பு சொல்ல மாட்டேன். அந்த மதினியின் ஆயிரமும் அந்த லட்சமும் ஒன்றில்லை என்பதுதான் என் வாதம்.

வங்கி கழிக்க வேண்டுமானாலும் சில நிபந்தனைகள் உண்டு. கடன் தொகை தீர்மானமாகத் தெரிந்திருக்க வேண்டும். கெடு வந்திருக்க வேண்டும். இரண்டு கணக்கும் ஒரே ஆளுக்கு, ஒரே தகுதியில் இருக்க வேண்டும். புருஷன் பெயரில் தனியாக இருக்கும் கடனுக்கு, பெண்டாட்டி பெயரும் சேர்ந்த கூட்டுக் கணக்கில் பொதுவாக எடுக்க முடியாது. சங்கத்துப் பணம், கோயில் வரிப் பணம் என்று ஒருவர் பொறுப்பில் வைத்திருப்பதை அவருடைய சொந்தக் கடனுக்கு எடுக்க முடியாது.

எடுத்துவிட்டார்கள் என்றால் முதலில் கிளையில் எழுத்து மூலம் கேளுங்கள்: எந்தக் கடனுக்கு, எவ்வளவு, எந்த ஷரத்துப்படி? மனு கொடுத்ததற்கு முத்திரை போட்ட நகல் வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் சரியில்லாவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், செலவில்லை. விவரம் கேட்க 14448.

ரோமாபுரியில் கழித்துப் பார்க்காமல் வந்த வங்கிக்காரர் வழக்கையே இழந்தார். இங்கே "யாரைக் கேட்டு எடுத்தாக?" என்று கேட்டவருக்கு "சிஸ்டம்" என்று பதில் வருகிறது. அடுத்த தடவை அந்த மதினியைப் பஸ்ஸில் பார்த்தால் அந்த நம்பரையாவது எழுதிக் கொடுக்க வேண்டும்.