குண்டெறிந்த கைகள்

1880-இல் பிரெஞ்சு சர்க்கார் கொம்யூன்களாக வகுத்த வில்லியனூரும் பாகூரும் நெல்வயலும் ஏரியும் நிறைந்த பிரதேசங்களேயாயினும், பிரெஞ்சு ராணுவத்தில் சேவகம் செய்து பென்ஷனுடன் திரும்பிய சொல்தாக்கள் வாழ்ந்த புதுவை மண்ணில் பெத்தாங்க் விளையாட்டு வேரூன்றியதில் விந்தையில்லை. வாதநோயால் ஓடியெறிய இயலாத ஒருவருக்காக, தெற்குப் பிரான்சின் லா சியோத்தா பட்டணத்தில், நின்ற இடத்திலிருந்தே எறியலாமென விதி தளர்ந்ததில் பிறந்த அவ்விளையாட்டு, 1910-இல் முதற்போட்டி கண்டது.

அமெரிக்க சாப்ட்பால் பிட்சரைப் போலவே இதிலும் கையைத் தாழவிட்டே எறிவர். எனினும் உள்ளங்கை கவிழ்ந்திருக்க, 650 முதல் 800 கிராம் எடையுள்ள இரும்புக்குண்டு விரல்நுனியில் பின்சுழற்சி பெற்று, 6 முதல் 10 மீட்டர் தொலைவிலுள்ள சிறு மரப்பந்தின் அண்டையில் அடங்க வேண்டும். எதிரியின் குண்டைத் தகர்ப்பவனுக்கே கைதட்டல். என் அபிப்பிராயத்தில் மெல்ல உருட்டி வைப்பவனே மேதை. மணிக்கட்டை விடுவிக்கும் தருணத்தையோ, கை தளர்ந்த பழைய ஆட்டக்காரரே பக்கத்தில் நின்று காட்ட வேண்டும். 1962-இல் இந்தியாவுடன் சட்டபூர்வ இணைப்பு நிகழ்ந்த பின்னரும் இவ்வாட்டம் புதுவையை விட்டு அகலவில்லை.